விதிக்காகக் களத்தில் இறங்கிய என் தம்பி

இன்று காலை என் தம்பி வீட்டுச் சமையலறையில் ஓர் அமெரிக்கர் இடியப்பம் சாப்பிட்டார்.

பெயர் மார்கஸ். கதவு நிலைக்குக் குனிந்து வருகிற உயரம். (முள்ளுக்கரண்டி கேட்கவில்லை. சொதியைக் கண்டதும் தட்டைக் கிட்ட இழுத்துக்கொண்டார்.)

அவர் எதற்கு வந்தார் என்று சொல்ல, முதலில் ஓர் அணியின் கதையைச் சொல்ல வேண்டும்.

ஜெர்மனியில், எங்கள் வுப்பர்டாலிலிருந்து ரயிலில் போய் வருகிற தூரத்தில் ஒருகாலம் ஓர் அமெரிக்கன் ஃபுட்பால் அணி இருந்தது. நாம் உதைக்கிற பந்து இல்லை. தலைக்கவசம் போட்டு ஆளை ஆள் மோதி விழுத்துகிற விளையாட்டு.

அமெரிக்காவில் பெரிய லீக் இலையுதிர்காலத்தில்தான் தொடங்கும். அங்கே இடம் கிடைக்காத பையன்களை வசந்தத்தில் இங்கே அனுப்பி, விளையாட விட்டுப் பார்ப்பார்கள். குளிர் விடுகிற நேரம் வருவார்கள், கோடை தொடங்கப் போய்விடுவார்கள்.

பார்க்க வருகிற சனம் மட்டும் முழுக்க இந்த ஊர்ச் சனம். மேட்ச் நாளில் மத்தியானமே கார் நிறுத்துகிற இடத்தில் இறைச்சி சுடத் தொடங்கிவிடுவார்கள். அணி ஒருமுறை கோப்பை வென்றபோது முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அந்த லீக்கில் ஒரு விதி இருந்தது. அமெரிக்கர்கள் மட்டும் விளையாடக் கூடாது. பந்து கைமாறுகிறபோது ஒருமுறை விட்டு ஒருமுறை, ஒவ்வொரு அணியும் ஓர் உள்ளூர் ஆளைக் களத்தில் இறக்கியே ஆக வேண்டும்.

அப்படி இறங்கியவன்தான் என் தம்பி குகன். எலெக்ட்ரீசியன் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, முடித்த கையோடு அணியில் சேர்ந்தவன்.

(அம்மா சொந்தக்காரரிடம் அவனுக்கு ஜிம்மில் வேலை என்று சொல்லிச் சமாளித்தார். மோதி விழுகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?)

குகன் உள்ளே போனால் எதிரணி உடனே அவன் பக்கமாகத்தான் பந்தை எறியும். விதிக்காக வந்தவன், லேசாகத் தாண்டிவிடலாம் என்ற எண்ணம். அவனுடைய இடது முழங்கால் போனதும் அப்படித்தான். இன்றைக்கும் கைபிடியைப் பிடித்துத்தான் படி இறங்குவான்.

பிறகு ஒரு கோடையில், கடைசி ஆட்டம் முடிந்த கையோடு, அமெரிக்காவில் இருந்தவர்கள் லீக்கை மூடிவிட்டார்கள். இங்கே எல்லோரும் ரேடியோவில்தான் கேட்டார்கள். அணி இல்லை. அவ்வளவுதான்.

இப்போது புது லீக் ஒன்று வந்திருக்கிறது. பழைய நிறத்திலேயே ஒரு புது அணி. இன்று முதல் ஆட்டம். பழைய வீரர்கள் இடைவேளையில் மைதானத்துக்குள் நடந்து வர வேண்டும் என்று அழைத்திருந்தார்கள். குகனோடு விளையாடிய மார்கஸ் அதற்காகத்தான் விமானம் ஏறி வந்தார்.

தம்பி அசையவில்லை.

"நான் வரேல்லை அக்கா. நீங்கள் போயிட்டு வாங்கோ."

"ஏன்டா?"

"நானொரு பிளேயரே? விதிக்கு வைச்சிருந்த ஆள். அவையளோட போய் வரிசையில நிண்டா சனம் சிரிக்கும்."

"முழங்கால் உடைஞ்சதும் விதிக்கோ?" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது.

என்ன சண்டை என்று மார்கஸ் கேட்டார். சொன்னேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"என்னையும் இங்கே அனுப்பித்தானே வைத்தார்கள். அங்கே இடம் பிடிப்பதுதான் எனக்கு யோசனை. அணியை மூடிய செய்தி வந்தபோது நான் வீட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு மிச்சப் புல்லையும் வெட்டினேன்."

தம்பியைக் காட்டினார்.

"இவன்தான் எனக்கு ஃபோன் எடுத்தான். மைதான வாசலில் நிற்கிறேன், ரசிகர்கள் மெழுகுதிரி கொளுத்துகிறார்கள் என்றான். பிறகு கதைக்க முடியாமல் அழுதான். எங்கள் அணியில் அந்த வாசலில் நின்றவன் இவன் ஒருவன்தான்."

எனக்கு இது தெரியாது. அன்று வேலை விஷயமாக ஒருவரைச் சந்திக்க டெர்மின் இருக்கிறது என்று சொல்லித்தான் வீட்டை விட்டுப் போனான்.

ஏன் மறைத்தான் என்று நான் கேட்கத் தேவையில்லை. அந்த நாட்களில் இலங்கையில், எங்கள் ஊரில் சண்டை. ஃபோன் அடித்தாலே யாருடைய சாவோ என்று பயப்படுகிற வீடு எங்களுடையது. அந்த வீட்டில் ஒரு விளையாட்டு அணிக்காக அழுகிறேன் என்று எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

குகன் என்னைப் பார்க்கவில்லை.

"சாப்பிடு, ஆறப்போகுது," என்று மார்கஸிடம் தமிழில் சொல்லிவிட்டுக் காலில் போடச் சப்பாத்தைத் தேடிப் போனான்.

மைதானத்தில் இடைவேளை. அமெரிக்க வழக்கப்படி ஒவ்வொரு வீரரின் பெயரோடும் அவர் படித்த பல்கலைக்கழகத்தையும் சொல்வார்கள். எல்லாம் பெரிய பெரிய பெயர்கள். சனம் மரியாதையாகக் கைதட்டியது.

குகனின் முறை வந்தது. அறிவிப்பாளர் கையிலிருந்த தாளில் பல்கலைக்கழகத்துக்கான இடம் வெறுமையாக இருப்பதைப் பார்த்துத் தடுமாறினார். பிறகு மைக்கை அவனிடமே நீட்டினார்.

"குகன்," என்றான். கொஞ்சம் நின்றான். "வுப்பர்டால்."

சனம் எழுந்துவிட்டது. முழு மைதானமும். எனக்குப் பக்கத்தில் நின்ற ஜெர்மன் பெண் தன் மகளிடம், "இவர் எங்கள் ஆள்," என்றார். நான் அழுததை மறைக்கவில்லை.

குகன் கை காட்டவில்லை. நேராக நின்றான்.

காரில் திரும்பி வந்தோம். பின்சீட்டில் மார்கஸ் நித்திரை.

"அக்கா, வாற ஞாயிறும் மேட்ச் இருக்காம். இவன் அதுக்குள்ள போயிடுவான். நீங்கள் வாறியளோ?"

அந்த மெழுகுதிரி நாளுக்குப் பிறகு இன்றுவரை அவன் அந்த மைதானத்துப் பக்கமே போனதில்லை.

"வாறன்," என்றேன்.

இந்த விளையாட்டின் விதிகள் எனக்கு இன்றைக்கும் ஒன்றும் விளங்கவில்லை. தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் நான் படித்தாக வேண்டும்.