பிள்ளையார் சுழி போட்ட ஓட்டு

தேர்தல் அதிகாரியாக ஒரு பெண் வரும் தொடர் நாடகத்தை அப்போது நானும் கணவரும் தொலைக்காட்சியில் விடாமல் பார்த்துவந்தோம். எந்தக் கட்சிக்காரனைக் கண்டாலும் அந்த அம்மாள் சிரிக்கமாட்டாள். சொந்தத் தம்பி வேட்பாளராக வந்து நின்றபோதுகூட, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. சிரித்தால் நேர்மை கெட்டுவிடுமா என்ன?

என் நேரம், அந்தத் தேர்தலில் என்னையே ஒரு வாக்குச்சாவடிக்குப் பொறுப்பாகப் போட்டுவிட்டார்கள். நான் ஈப்போவில் பள்ளி ஆசிரியை. சாவடியோ, ரப்பர் தோட்டமாக இருந்து வீடமைப்புப் பகுதியாகிவிட்ட எங்கள் வட்டாரத்துப் பள்ளிக்கூடம். என் கணவர் அங்கே ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். இரண்டு வாரம் ஏணியும் கையுமாக அலைந்து, விளக்குக்கம்பம் ஒன்று விடாமல் கொடி கட்டியவர்.

“கட்சிக்காரரு பொண்டாட்டின்னு ஒரு புகார் வந்துச்சுன்னா உங்க வேலைக்கே ஆபத்து டீச்சர்,” என்று தலைமையாசிரியர் பயமுறுத்தியிருந்தார். அதனால் அன்று நாடகத்து அம்மாளின் முகத்தையே கடன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கணவர் ஓட்டுப் போட வந்தார். அவரைப் பார்த்தும் சிரிக்கவில்லை.

“என்னம்மா, பல்லு வலியா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாலையில் கதவைச் சாத்தி எண்ணத் தொடங்கினோம். உதவியாளர் ஒரு சீட்டை என்னிடம் நீட்டினார். மேல் மூலையில் பிள்ளையார் சுழி. எங்கள் ஆட்களில் சிலருக்கு எதை எழுதினாலும் அது முதலில் விழுந்தாக வேண்டும். இந்தச் சுழிக்குக் கீழே இரண்டு கோடு, இரண்டாவது தூண்டில் முள் மாதிரி வளைந்திருந்தது. கணவர் எழுதும் மளிகைப் பட்டியலிலும் நாலு நம்பர் லாட்டரிச் சீட்டிலும் இருபது வருடமாக நான் பார்த்துவரும் அதே வளைவு. பிறகுதான் ஓட்டுக்குப் போடும் சிலுவைக்குறி எங்கே என்று பார்த்தேன். எதிர்க்கட்சிக்குப் போட்டிருந்தார்.

கணவர் கட்சியின் ஏஜெண்ட் எழுந்தார். “அடையாளம் போட்டா ரோசாக் லா டீச்சர், செல்லாத ஓட்டு. தூக்கிப் போடுங்க.” பாவம், தூக்கிப் போடச் சொல்வது தன் செயலாளரின் ஓட்டைத்தான் என்று அவருக்குத் தெரியாது.

எதிர்க்கட்சி ஏஜெண்ட் விடவில்லை. “சாமிக்குப் போட்ட சுழி லா அண்ணே. நம்மாளு யாரு வேணும்னாலும் போடுவாங்க. இத வச்சு ஆளு யாருன்னு சொல்ல முடியுமா டீச்சர்? முடியும்னா தள்ளிடுங்க.”

விதியும் அதுதான். போட்டவர் இன்னார் என்று காட்டிக்கொடுக்கும் குறி இருந்தால் ஓட்டு செல்லாது. எனக்கோ நன்றாகவே தெரிகிறது. தெரியும் என்றால், யார் என்பார்கள். காரணம் சொல்லாமல் தள்ளினால், புருஷன் கட்சிக்கு உதவினாள் என்பார்கள். நாடகமாக இருந்தால் இந்த இடத்தில் இசை வரும். எனக்கு வியர்வைதான் வந்தது.

“முடியாது. ஓட்டு செல்லும்,” என்றேன். அன்று முழுக்க நான் சொன்ன ஒரே பொய் அது.

எங்கள் சாவடியில் கணவரின் கட்சி தோற்றது. வீட்டுக்குப் போனபோது அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். “நம்மாளுங்களே கால வாரிட்டானுங்கம்மா!” என்ன நடிப்பு! எனக்குச் சிரிப்பும் வந்தது, கரண்டியால் ஒன்று போடலாமா என்றும் வந்தது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கவும் வழியில்லை.

“நீயாவது நமக்குப் போட்டியா?” என்றார்.

“ஓட்டு ரகசியங்க.”

தேர்தல் வேலை பார்ப்பவர்களுக்குத் தரும் தபால் ஓட்டில் அவருடைய கட்சிக்குத்தான் போட்டிருந்தேன். எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத கட்சி. இந்த மனுஷன் முகம் வாடிவிடக் கூடாதே என்பதற்காக மட்டும் போட்ட ஓட்டு அது.