அப்பாவின் கையில் இருந்த கடிகாரம்

அப்பா இறந்த பிறகு அவருடைய பொருட்களை மூன்றாகப் பிரித்தேன். கொடுத்துவிடலாம், வைத்துக்கொள்ளலாம், அம்மாவிடம் கேட்க வேண்டும். மூன்றாவதில் கடைசிவரை மிஞ்சியது அவருடைய கைக்கடிகாரம். சாவி கொடுத்து ஓட வைக்கும் பழைய ஸ்விஸ் கடிகாரம். முகப்பில் இருந்த பெயர் பாதிக்கு மேல் அழிந்திருந்தது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில் யாரும் சாவி கொடுக்கவில்லை. பிறகு கொடுத்துப் பார்த்தபோது முள் நகரவில்லை.

அம்மாவிடம் நான் கேட்பதற்கு முன்பே சித்தப்பா கேட்டுவிட்டார். அப்பாவின் ஒரே தம்பி, டெக்சஸில் பேர்லேண்டில் இருப்பவர். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்தோம்.

"அண்ணி, அந்த வாட்ச்ச மட்டும் எனக்குக் குடுத்துருங்க. அது எங்கப்பா கட்டியிருந்தது."

அம்மா வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "இல்லீங்க தம்பி. அது எங்கப்பா கல்யாணத்துல மாப்பிள்ளைக்குப் போட்டது."

"அப்ப நான் பொய் சொல்றனுங்களா?"

"நான் அப்படிச் சொன்னனா?"

அதன் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. பொங்கலுக்கு வாழ்த்துகூட என் ஃபோன் வழியாகத்தான் போய் வந்தது. கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் அப்பாவின் மணிக்கட்டை ஒரு மாலையோ முழுக்கைச் சட்டையோ மறைத்திருந்தது.

சித்தப்பா என்னைத் தனியாக அழைத்தார். "ஏங்கண்ணு, நீ இன்ஜினியர்தான? தெரிஞ்ச ஆளா பாத்துக் காட்டி எந்தக் காலத்துதுன்னு கேளு. கல்யாணத்துக்கு முந்தியா பிந்தியான்னு தெரிஞ்சா போதும். நீ சொன்னா நான் ஒத்துக்கறேன்."

அம்மாவும் தன் பங்குக்குச் சொன்னார். "ரிப்பேர் மட்டும் பண்ணு. வேற எதையும் நோண்டாத."

வருஷ திதிக்குச் சித்தப்பா வருவதாக இருந்தது. அப்பாவுக்கு மகன் இல்லை. தம்பிதான் செய்ய வேண்டும். வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் வீட்டு ஹாலில், ஒரு பலகையில் உட்கார்ந்து, அம்மாவோடு பேசாமலேயே அவர் எள்ளும் தண்ணீரும் விடப் போகிறார் என்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதற்குள் விடை வேண்டும் என்று நினைத்தேன். நல்ல கருவியும் கவனமும் இருந்தால் விடை கிடைத்துவிடும் என்று நம்புவது என் தொழில். மருந்துக் கம்பெனியில் அளவுக் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிப்பதுதான் என் வேலை.

ரயில் நிலையத்தைத் தாண்டி, டிரை கிளீனிங் கடைக்கும் பீட்சா கடைக்கும் நடுவில் கடிகாரம் பழுது பார்க்கும் ஓர் அமெரிக்கப் பெண்மணி இருந்தார். வயது ஐம்பது இருக்கும். எதைச் சொன்னாலும் பாதி கிண்டலாகவே சொல்வார். கடிகாரத்தைக் கையில் வாங்கியதும் மேசை விளக்கை இழுத்துக்கொண்டார்.

"என்ன தெரிய வேண்டும்? விலையா?"

"இல்லை. வயது."

"எல்லாரும் விலைதான் கேட்பார்கள். வயதைக் கேட்டால் வீட்டில் சண்டை என்று அர்த்தம்."

பின்மூடியை மெல்லிய கத்தியால் நெம்பி எடுத்தார். நுண்ணோக்கி காட்டியதெல்லாம் பக்கத்துத் திரையில் தெரிந்தது. ஊசலாடும் சிறு சக்கரத்துக்கு அடியில் ஒரு முத்திரை இருந்தது. இயந்திரத்தைச் செய்தவர்களின் அடையாளம் அது. கணினியில் தேடினார். மூடிப்போன ஏதோ ஒரு சிறிய கம்பெனி. இதே இயந்திரத்தை மாற்றமில்லாமல் வருடக்கணக்காகச் செய்திருக்கிறார்கள். என் பெற்றோர் கல்யாணத்துக்கு முன்பும் செய்திருக்கிறார்கள், பின்பும் செய்திருக்கிறார்கள்.

"மன்னிக்கவும்," என்றார். "இது உங்கள் சண்டையைத் தீர்க்காது."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. யாரையும் பொய்யாக்க வேண்டியதில்லை.

அப்போதுதான் அவர் பின்மூடியைக் கவிழ்த்து நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தார். விளிம்பு முழுவதும் உட்புறமாகச் சிவப்பு. சாவி திருகும் குமிழின் துவாரத்தைச் சுற்றியும் அதே சிவப்பு.

"துரு என்று நினைத்தேன். துரு இல்லை, பாருங்கள்." ஊசி முனையால் தொட்டார். மாவாக உதிர்ந்தது. அடியில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு படிவு, காய்ந்த களிமண் போல. "அடுக்கடுக்காக இருக்கிறது. ஒரு தடவையில் வந்ததில்லை, வருடக்கணக்கில் சேர்ந்தது. பெயிண்டா? உங்கள் ஊரில் கடிகாரத்துக்கு லிப்ஸ்டிக் போடுவீர்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பார்த்ததும் தெரிந்துவிட்டது. சந்தனம், அதன் மேல் குங்குமம்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. கார், மிக்ஸி, லேப்டாப், என் ஸ்க்ரூடிரைவர் பெட்டி. அப்பாவின் கடிகாரத்துக்கு மட்டும் கிடையாது. பூஜையில் வைத்தால் மறுநாள்வரை எடுக்கக் கூடாது. அப்பா கழற்றித் தர மாட்டார். "எங்கப்பா வருஷா வருஷம் தன் வாட்ச்சுக்கு சந்தனத்தை அப்பு அப்புன்னு அப்பி ஸ்பானர் பக்கத்துல வெப்பாரு. ஒரு நாள் பூரா மணி தெரியாம சுத்துவோம். என்னால ஆகாது" என்பார். தாத்தா கோயம்புத்தூரில் ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்தவர்.

புதிதாக வாங்கி மாப்பிள்ளை கையில் போட்ட கடிகாரமாக இருந்தால், அதன் மேல் ஒரு முறைகூடச் சந்தனம் பட்டிருக்காது. இது பூஜையில் வருடக்கணக்காக உட்கார்ந்த கடிகாரம். சித்தப்பா சொன்னதுதான் உண்மை.

"இதையெல்லாம் கழுவினால்தான் ஓடும்," என்றார் அவர். "எண்ணெயும் இறுகிப் போயிருக்கிறது. மொத்தமாகப் பிரித்துச் சுத்தம் செய்யட்டுமா?"

கழுவிவிட்டால் அந்தச் சிவப்பைப் பார்த்த ஆட்கள் உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருவருக்கு அது என்னவென்றே தெரியாது. 'செய்யுங்கள்' என்று சொன்னால் போதும். அம்மாவின் வார்த்தை நின்றுவிடும். வாய்வரை வந்துவிட்டது.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. கருவியில் படிவு இருந்தால், துடைப்பதற்கு முன் கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டும். பழக்கமா பயமா, தெரியவில்லை.

"அதில் கொஞ்சம் எடுத்துக் கொடுக்க முடியுமா?"

நகக்கண் அளவு சுரண்டி, திருகாணி போட்டு வைக்கும் குட்டி பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தந்தார். இந்த முறை கிண்டல் செய்யவில்லை. மீதியைக் கழுவச் சொல்லிக் கடிகாரத்தை அங்கேயே விட்டு வந்தேன்.

வீட்டில் அம்மா கேட்டார். "என்ன சொன்னாங்க?"

"கல்யாணத்துக்கு முன்னாடியும் செஞ்சிருக்காங்க, பின்னாடியும் செஞ்சிருக்காங்களாம்."

சித்தப்பாவிடமும் அதையே சொன்னேன். "அப்ப ஒண்ணும் தெரியலையா கண்ணு?" என்றார். "இல்லைங்க சித்தப்பா" என்றேன். முதல் வாக்கியம் உண்மை, இரண்டாவது பொய். உறை என் கைப்பையின் உள்ளறையில் இருந்தது. ஆபீஸில், காரில், வால்மார்ட் வரிசையில் ஜிப்பைத் திறந்து அது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திதிக்கு முந்தைய நாள் நெவார்க் ஏர்போர்ட்டிலிருந்து சித்தப்பாவை அழைத்து வந்தேன். வழியில் கடைக்குப் போய்க் கடிகாரத்தை வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவரை வைத்துக்கொண்டு போகத் தைரியம் வரவில்லை. அவரை வீட்டில் விட்டுவிட்டு, பால் வாங்கப் போவதாகச் சொல்லிப் போய் வாங்கி வந்தேன். ஓடிக்கொண்டிருந்தது.

அம்மாவும் அவரும் ஒரே ஹாலில் இருந்துகொண்டு என் வழியாகப் பேசினார்கள்.

"காப்பி சாப்பிடறாரான்னு கேளு."

"வேண்டாம்னு சொல்லு கண்ணு. ஃப்ளைட்லயே ஆச்சு."

"சக்கரை கம்மியாத்தான் போட்டிருக்கேன்னு சொல்லு."

"அப்ப குடுக்கச் சொல்லு."

அவர் மாடிக்குக் குளிக்கப் போனதும், சமையல் மேடையில் வாழைக்காய்க்குப் பக்கத்தில் கடிகாரத்தையும் உறையையும் வைத்தேன். அம்மா உறையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதுக்குள்ள இருந்துச்சா?"

"ஆமா."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் சொல்லல. நீயே சொல்லும்மா."

கத்துவார் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எங்கப்பா போட்ட வாட்ச்ச கல்யாணமான புதுசுலயே உங்கப்பா பஸ்ல தொலைச்சுட்டாரு. மறுவாரம் விருந்துக்கு எங்க வீட்டுக்குப் போகணும். வெறுங்கையோட போனா எங்கப்பா என்ன நெனப்பாருன்னு நான் அழுதேன். உங்க தாத்தா ஒண்ணும் பேசல. தன் கைல இருந்ததைக் கழட்டி இவர் கைல கட்டிவிட்டாரு. பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். எங்கப்பா கடைசிவரைக்கும் தான் போட்டதுன்னே நெனச்சுட்டுப் போய்ட்டாரு." உறையைக் கீழே வைத்தார். "அந்தப் பேச்ச நாங்க மூணு பேரும் வெளிய விட்டதில்ல. சொல்லிச் சொல்லி எனக்கே அதுதான் நெசம்னு ஆயிருச்சு. கூட இருந்த ரெண்டு பேரும் போயாச்சு. நான் மட்டும் எப்படி வாயத் திறப்பேன்?"

மாடியில் தண்ணீர் நின்றது. படியில் காலடி கேட்டது. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "தம்பி, கொஞ்சம் இங்க வாங்க" என்றார். மாதங்கள் கழித்து நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

சித்தப்பா தலையில் துண்டோடு வந்து நின்றார். அம்மா எல்லாவற்றையும் சொன்னார், எதையும் விடாமல். சித்தப்பா கடிகாரத்தைத் தொடவில்லை. உறையைத்தான் எடுத்தார். பிரித்து முகர்ந்து பார்த்தார்.

"அப்பா ஏன் அவருக்கு மட்டும் குடுத்தாருன்னு இத்தன வருஷம் மனசுல வெச்சிருந்தனுங்க அண்ணி," என்றார். "மூத்தவர்னா ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமான்னு."

"உங்க ஞாபகமே எனக்கு வரல தம்பி. என் மானம்தான் பெருசாத் தெரிஞ்சுச்சு."

அம்மா கடிகாரத்தை எடுத்து நீட்டினார். அவர் 'நீங்களே வெச்சுக்கங்க' என்று சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அம்மாவும் எதிர்பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். நீட்டிய கை ஒரு கணம் பின்வாங்கியது. சித்தப்பா இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். மறுநாள் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டுதான் திதி செய்தார். தண்ணீர் விடும்போது மட்டும் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

அவர் ஊருக்குப் போன பிறகு அம்மா இரண்டு நாள் அதிகம் பேசவில்லை. மூன்றாவது நாள் காலையில் ஃபோன் வந்தது. என்னுடையதல்ல, அம்மாவின் ஃபோன்.

"அண்ணி, வாட்ச் ராத்திரியே நின்னு போச்சுங்க. நான் சாவி சரியாத்தான் குடுத்தேன்."

"எப்பக் குடுத்தீங்க?"

"படுக்கறதுக்கு முந்தி."

"அவர் காலைல பல்லு வெளக்குனதும் குடுப்பாரு, தம்பி. கைல கட்டிட்டுக் குடுக்கக் கூடாது, கழட்டி வெச்சுக் குடுக்கணும். இறுகற மாதிரி தெரிஞ்சா விட்டுருங்க. இப்பக் குடுங்க, நான் லைன்ல இருக்கேன்."

ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, எதிரே ஒன்றுமில்லாத இடத்தில் அம்மா மெதுவாகத் திருகிக்கொண்டிருந்தார்.

"மெதுவா," என்றார். "இன்னும் கொஞ்சம். போதும், விடுங்க."