கடற்பயணிகளின் ஜெபத்தில் ஒரு பெயர்

நம் கோயில் மணிக்கார யாக்கோபு இறந்துபோன செய்தியை எனக்கு முதலில் சொன்னவன், மறைந்த மூப்பர் அந்திரேயாவின் மகன் தானியேல். காட்டூரில் ஒரு நோயாளிக்காக ஜெபித்துவிட்டுப் படகில் திரும்பிய என்னை எதிர்பார்த்துத் துறையிலேயே நின்றிருந்தான். துக்கம் சொல்ல வருகிறவன் முகத்தில் அவ்வளவு நிம்மதி இருக்கக் கூடாது. "காலையில போயிட்டாரு வாத்தியாரே. இனிமேலாவது அந்தப் பேரை விட்டுடலாமில்ல?" என்றான். அப்போது குழிகூட வெட்டியாகவில்லை. சபையாரே, அங்கே நான் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. உங்கள் எல்லோர் முன்னிலும் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சுண்ணாம்புக்குளத்திலிருந்து புதிதாக நம் சபைக்கு வந்திருப்பவர்களுக்கு யாக்கோபைக் கடுகடுத்த கிழவராக மட்டும்தான் தெரியும். அவர் கோட்டைக்குப்பத்து மீனவர். பஞ்ச காலத்தில் தாய் தகப்பனை இழந்து, தங்கையோடு இந்தப் பழவேற்காட்டுக் கோட்டைக் கோயிலுக்கு வந்து ஞானஸ்நானம் பெற்றவர். கரைவலை இழுப்பதுபோல இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து மணியடிப்பார். தாமதமாக வருகிறவர்களை அவர் விட்டதே இல்லை. ஒருமுறை கோட்டை எழுத்தர் ஒருவரையே வாசலில் மறித்து, "கர்த்தர் வந்து குந்திக்கினு கீறாரு, நீங்க இப்பதான் வர்றீங்களா?" என்று கேட்டார். ஒல்லாந்து தேசத்துக்காரரான அவருக்குப் புரியவில்லை. புரிந்த நாங்கள் பாட்டுப் பாடும்போதும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அந்தத் தங்கையின் பெயர் ரூத். மூப்பர் அந்திரேயா கோட்டையில் ஒல்லாந்தருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியாக இருந்தவர். ஞானஸ்நானத்தில் ரூத்துக்கு ஞானத்தகப்பனாக நின்றவரும் அவரே. அந்த உரிமையில் அவளைத் தன் வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார். மழை பொய்த்த ஒரு வருடம் திடீரென்று அவளை அந்த வீட்டில் காணவில்லை. ஒல்லாந்தர் குடும்பம் ஒன்றுக்கு ஆயாவாகக் கப்பலேறிப் போயிருக்கிறாள், இரண்டு மழைக்காலத்துக்குள் திரும்பிவிடுவாள் என்று மூப்பர் சொன்னார். கரையிலிருந்து கப்பலுக்கு ஆள் ஏற்றிப்போன படகோட்டி யாக்கோபிடம் வேறு விதமாகச் சொன்னான். "கையக் கட்டித்தான் ஏத்துனாங்கண்ணா. ஒம்பேரச் சொல்லிக் கத்திச்சு."

மூப்பர் அவளை அடிமையாக விற்றுவிட்டார். ஞானஸ்நானத்தில் தண்ணீர் பட்ட தலையைத் தன் கையால் துடைத்துவிட்டவர் விற்றுவிட்டார். யாக்கோபு பாதிரியாரிடம் முறையிட்டார். பாதிரியார் மூப்பரைக் கேட்டார். மூப்பர் வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்து, அவள் ஆயாவாகத்தான் போனாள் என்றார். படகோட்டியின் சொல்லையும் மூப்பரின் சொல்லையும் வைத்துப் பார்த்தால் எது ஏறும் என்று உங்களுக்கே தெரியும்.

யாக்கோபு அதன்பின் சண்டைக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு முன், பெயர்களை வாசிக்கிற என்னிடம் வந்து, கடற்பயணிகளின் ஜெபத்தில் ரூத்தின் பெயரைச் சேர்க்கச் சொன்னார். நம் சபையில் அது பழைய வழக்கம். கப்பலேறிப் போகிறவர்களின் பெயரை ஞாயிறுதோறும் வாசிப்போம். இன்ன துறையில் சுகமாக இறங்கினார் என்று சேதி வரும்வரை அந்தப் பெயரை எடுக்கக் கூடாது. மூப்பரால் மறுக்க முடியவில்லை. கடல் கடந்து போனாள் என்று சொன்னதே அவர்தானே.

இருபத்திரண்டு வருடம் வாசித்தோம். முன் பெஞ்சில், ஜன்னலோரம், மூப்பரின் கழுத்து எனக்கு நேரே தெரியும். 'ரூத்' என்றதும் அது ஒரு விரற்கடை உள்ளே இழுத்துக்கொள்ளும். நான்கு பாதிரிமார்கள் வந்து போனார்கள். ஒவ்வொருவரும், யார் இந்தப் பெண், இன்னுமா கரைசேரவில்லை என்று கேட்பார்கள். யாக்கோபு தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "மூப்பர் ஐயாவுக்குத்தான் தெரியும்" என்பார். இறங்கிவிட்டாள் என்று மூப்பர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெயர் போய்விடும். ஆனால் எந்தத் துறை, யாரிடம் என்று சொல்ல வேண்டுமே. தன் பொய்க்குள் தானே மாட்டிக்கொண்ட மனிதரை நான் அவரிடம்தான் பார்த்தேன்.

இனி என் பாவத்தைச் சொல்கிறேன். பள்ளிக்கூட வேலையை எனக்கு வாங்கித் தந்தவர் மூப்பர். கோட்டைத் துரைமார்கள் குடும்பத்தோடு வரும் ஒரு ஞாயிறு, இன்று மட்டும் அந்தப் பெயர் வேண்டாம் என்றார். நான் விட்டுவிட்டேன். ஆசீர்வாதம் முடிந்தது. கடைசி மணி அடிக்காமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது நம் சபை ஒழுங்கு. அதில் எல்லோரையும்விடக் கண்டிப்பானவர் மூப்பர். எழுந்த பிள்ளைகளைப் பிரம்பால் தட்டியிருக்கிறார். மணி அடிக்கவில்லை. யாக்கோபு கயிற்றை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். சித்திரை வெயில். துரைசானிகள் விசிறிக்கொண்டார்கள், குழந்தைகள் அழுதன, பாதிரியார் மணியடிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். மூப்பரின் கழுத்துப்பட்டை வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டது. அவராலும் எழுந்திருக்க முடியவில்லை.

"ஒருத்தி பேரு விட்டுப்போச்சு வாத்தியாரே. அத்தப் படிங்க, அடிக்கிறேன்" என்றார் யாக்கோபு, சத்தம் போடாமல்.

வாசித்தேன். மணி அடித்தது. பிறகு மன்னிப்புக் கேட்கப் போனேன். "நீ பயந்தவன். அவன் வித்தவன். ரெண்டும் ஒண்ணில்ல, போ" என்றார். அன்றுதான் என்னிடம் முதல்முறையாக ஒருமையில் பேசினார். அது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

மூப்பர் படுக்கையில் விழுந்து, யாக்கோபைக் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போனேன். மூப்பர் அழுதார். மன்னித்துவிடு என்று கையைப் பிடித்தார். பாதிரியாரும் எடுத்துச் சொன்னார். யாக்கோபு கேட்டது ஒன்றுதான்: எந்தத் துறை? மூப்பர் வெகுநேரம் யோசித்தார். ஞாபகம் இல்லை என்றார். பொய்யில்லை என்றுதான் நினைக்கிறேன், அதனால்தான் அது இன்னும் மோசமாக இருந்தது. யாக்கோபு கையை விடுவித்துக்கொண்டார். "மறந்துட்டவனுக்கு மன்னிப்பு இன்னாத்துக்கு? எனுக்கு ஞாபகம் கீது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். மூப்பர் அப்படியே செத்தார். சாவு மணியை, வயதுக்கு ஒன்றாக, ஒன்றுகூடக் குறைக்காமல் யாக்கோபுதான் அடித்தார். அடுத்த ஞாயிறும் ரூத்தின் பெயர் வாசிக்கப்பட்டது.

யாக்கோபுக்குக் கல் மனசு என்று உங்களில் பலர் பேசினீர்கள். மூப்பரின் கல்லறைக்கல்லில் 'தேவபக்தன்' என்று வெட்டியபோது யாரும் பேசவில்லை. எனக்கு யாக்கோபு செய்தது பிடித்திருந்தது. கோயிலில் நின்று வாசிக்கிறவன் சொல்லக் கூடாத வார்த்தை இது, சொல்லிவிட்டேன்.

மணியடிக்கத் தன் வீட்டு ஆளையே அனுப்புவதாகத் தானியேல் சபைச் சங்கத்தில் கேட்டானாம். நான் முந்திக்கொண்டு பாதிரியாரிடம் அந்த வேலையைக் கேட்டு வாங்கிவிட்டேன். யாக்கோபின் உள்ளங்கை பட்டுக் கறுத்த அந்தக் கயிறு இப்போது என்னிடம் இருக்கிறது. அவர் கோபமும் என்னிடம் இருக்கிறது. இரண்டையும் பத்திரமாக வைத்திருப்பேன். இனிப் பெயர் வாசிக்கிறவனும் நான், மணியடிக்கிறவனும் நான். தானியேல், உன் அப்பா விட்டுப்போன காகிதங்களைத் தேடு. அவளை எந்தத் துறையில் இறக்கினார்கள் என்று தெரிந்தால் வந்து சொல். தெரியாவிட்டால், ஞாயிறுதோறும் அந்த முன் பெஞ்சில் உட்கார்ந்திரு.