நூல் கோக்காத ஊசி

தையல் மெஷின் வாங்கியவர் வீட்டுக்குப் போய் அதை ஓட்டச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. மெஷினோடு வரும் எண்ணெய்க் குப்பி மாதிரி நானும் இலவசம். யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுக்கப் போய் மனம் சோர்ந்து திரும்பியிருக்கிறீர்களா? அப்படியானால் யுத்த காலத்தில் அன்னவாசலில் ஒரு வீட்டில் நடந்தது உங்களுக்குப் புரியும்.

காகிதப் பாடம்

வள்ளியம்மையின் கணவன் ரங்கூனில் இருந்தான். அங்கே குண்டு விழுந்த பிறகு தகவலே இல்லை. அண்ணன் வீட்டில் இருந்தவள் தைத்துப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று அந்த அண்ணன்தான் மெஷின் வாங்கினார். தீபாவளிக்குள் கற்றுக்கொள்ளாவிட்டால் அது தம் மனைவிக்கு என்றும் சொல்லிவிட்டார். அப்புறம் வள்ளியம்மைக்குக் கடைசிவரை அந்த வீட்டு அடுப்படிதான்.

முதலில் நூலில்லாமல் காகிதத்தில் ஓட்டிப் பழக வேண்டும். ஊசித் துளைகள் கோட்டின்மேலேயே விழ வேண்டும். மற்றவர்கள் நாள்கணக்கில் திண்டாடுவதை அவள் மறுநாளே செய்தாள். எறும்புச் சாரை போல ஒழுங்கான துளைகள். பாராட்டினேன். தலையைத் தூக்காமல் சொன்னாள்: "இது லேசாத்தான் இருக்கு டீச்சரம்மா. இதுல அறுந்துபோக என்ன இருக்கு?"

அறுந்தது

மிதி கொஞ்சம் பிசகினாலும் சக்கரம் பின்பக்கமாகச் சுழன்று நூல் அறுந்துவிடும். பழகுகிற எல்லோருக்கும் அறும். நூல் கோத்த அன்று அவளுக்கும் பட்டென்று அறுந்தது. உடனே அவள் கை கழுத்துக்குப் போய்த் தாலியைப் பற்றிக்கொண்டது.

அடுத்தடுத்த நாள்களிலும் அப்படியே. பிறகு நூலை உருவிப் போட்டுவிட்டுக் காகிதத்துக்கே திரும்பிவிட்டாள். அது மிதியின் கோளாறு, ரங்கூனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "நீங்க படிச்சவுக. ஒங்களுக்கு அது நூலு" என்றாள்.

கோணல் பாவாடை

வள்ளியம்மை அடுப்பைப் பார்க்கப் போகும் நேரத்தில் அண்ணி சிகப்பி மெஷினில் உட்காருவாள். அவள் காகிதத்தில் பாம்பு ஊர்ந்தது. நூல் எத்தனை தடவை அறுந்ததோ, அவளுக்கே தெரியாது. அறும்போதெல்லாம் மெஷினை வைவாள், நுனியை எச்சில் தொட்டுக் கூராக்கிக் கோப்பாள், மறுபடி மிதிப்பாள்.

ஐப்பசி பிறப்பதற்குள் மகளுக்கு ஒரு பாவாடை தைத்துவிட்டாள். ஓரம் ஏறியும் இறங்கியும் கிடந்தது. புருஷன் சிரித்ததற்குச் சிகப்பி அசரவில்லை: "கோணலா இருந்தா என்ன? கட்டுனா இடுப்புல நிக்குதுல்ல?"

இடம் மாறியது

தீபாவளிக்கு முந்தின வாரம் மெஷினைத் தம் அறைக்குத் தூக்கிப்போகச் சொன்னார் அண்ணன். கோபமாக அல்ல, முகம் வாடித்தான் சொன்னார். ஒரே ஒரு தடவை நூலைக் கோத்து ஓட்டிப் பார் என்று நான் வள்ளியம்மையிடம் கெஞ்சினேன். அவள் துளையிட்ட காகிதங்களைச் சேர்த்து மடித்துக்கொண்டு எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை. சிகப்பியிடம்தான் கேட்டாள்: "அண்ணி, நீங்க தைக்காத நேரத்துல நான் காயிதம் ஓட்டிக்கலாமா?"

அந்த வீட்டில் மெஷின் எப்படி ஓடுகிறது என்று பிற்பாடு கம்பெனிக்காரர் கேட்டபோது, நன்றாக ஓடுகிறது என்றேன். அதில் பொய் ஏதும் இல்லை.