பின்வரிசைப் பாக்கெட்

கடையில் அவரை எல்லோரும் காலாவதி என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதைக்கு ஓர் அண்ணன் சேர்த்துக்கொள்வதுண்டு. ஆள் திடகாத்திரமானவர், பெயருக்குக் காரணம் உத்தியோகம். அந்தப் பெரிய பலசரக்குக் கடையின் அடுக்குகளுக்கிடையே நடந்து, தேதி முடிந்த பொருள்களைப் பொறுக்கித் தள்ளுவண்டியில் போடுவது அவர் வேலை. நாளை முடியப்போகும் ரொட்டியை அவர் பார்க்கிற பார்வையில் ரொட்டி இன்றைக்கே காய்ந்துவிடும்.

"காலாவதி அண்ணே, எங்க வீட்டுக்காரர் மேல எங்கயாவது தேதி போட்டிருக்கான்னு ஒருநாள் வந்து பாத்துச் சொல்லுங்களேன்" என்பாள் பில் போடும் பெண்.

"அடியில போட்டிருப்பாங்கம்மா. கவுத்துப் பாரு."

புதுச் சரக்கு பின்னால், பழைய சரக்கு முன்னால். கடைக்கு இது விதி; அவருக்கு வேதம். பின்வரிசையில் கைவிட்டுத் துழாவும் வாடிக்கையாளர்களை, பிறர் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்ப்பவர்களைப் போலவே நடத்தினார்.

இவ்வளவு கறாரான மனிதர், கடையில் கழித்ததையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டார். கழிவில் வேண்டியதை ஊழியர்கள் எடுத்துக்கொள்ள முதலாளி அனுமதித்திருந்தார். பால், இறைச்சி பக்கம் இவர் போகமாட்டார். காபிக்கொட்டை என்றால் மட்டும் விடமாட்டார்.

"ஈரம் படல, பூசணம் பிடிக்கல, அப்புறம் என்ன? தேதி தாண்டிட்டா கொட்டை விஷமாயிடுமா? உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது. வாசனை கொஞ்சம் கம்மியா இருக்கும், அவ்வளவுதான்."

சொன்னது முழுக்கச் சரி. அவர் செய்த பெரிய தப்பு இந்தச் சரியான கருத்திலிருந்துதான் முளைத்தது.

அவர் மனைவிக்கு அசாத்தியமான மூக்கு. மாடிப்படி ஏறும்போதே எந்த வீட்டில் எது கருகுகிறது என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து வாய்த்தது வாசனை கம்மியான காபி. அவளும் குறை சொல்லாமல் குடித்தாள்.

அவளுடைய தம்பிக்குக் காபிக்கொட்டை வறுக்கும் இடத்தில் வேலை கிடைத்தது. முதல் வாரமே ஒரு பாக்கெட்டோடு வந்து நின்றான்.

"காலையில வறுத்ததுக்கா. தொட்டுப் பாரு, இன்னும் சூடு போகல."

பாக்கெட்டின் நெற்றியில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை இருந்தது. அவள் அதை மூக்கருகே வைத்து மெல்ல அழுத்தினாள். கண் தானாக மூடிக்கொண்டது. மறுபடி அழுத்தினாள். பிறகு கணவரிடம் நீட்டினாள். அவர் வாங்கி, திருப்பி, தேதியைப் பார்த்தார்.

"இப்பவே அரைச்சுடலாங்க."

"இதுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கு. முன்னாடி நிக்கறதை முதல்ல முடிப்போம்."

"மச்சான், காபியக்கூடவா கியூவுல நிக்க வெப்பீங்க?" என்று தம்பி சிரித்தான்.

சமையலறை அடுக்கிலும் கடையின் விதிதான். புதுப் பாக்கெட் பின்னால் போயிற்று. முன்னால் நின்றவை ஒவ்வொன்றாகக் காலியாகத்தான் செய்தன. ஆனால் கடையிலிருந்து அவர் மேலும் கொண்டுவந்தார். கழித்த சரக்கு அல்லவா, அவற்றின் தேதி எப்போதும் இதைவிடப் பழையது. ஆகவே ஒவ்வொன்றும் முறைப்படி இதற்கு முன்னால் போய் நின்றது. நல்ல பொருளுக்கு முறை வரவே வராதபடி ஒரு வரிசையை, ஒரு விதியும் மீறாமல், அவர் அமைத்துவிட்டார்.

"பின்னாடி ஒருத்தன் நிக்கறானே, அவன் முறை எப்பங்க வரும்?"

"வரும், வரும்."

சில மாதங்களில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

பிறகு அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்து போயிற்று. தேறிவிட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒரு மாலை அவர் வேலை முடிந்து படியேறும்போது கருகல் நெடி அடித்தது. வாசனை வந்தது அவர் வீட்டிலிருந்துதான். உள்ளே அடுப்பில் பால் வற்றிப் பாத்திரம் கறுத்துக்கொண்டிருக்க, பக்கத்திலேயே நின்று அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இப்படி ஓடி வரீங்க?"

மருத்துவர் பரிசோதித்துவிட்டு, காய்ச்சலில் மோப்பம் போயிருக்கிறது, திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார்.

"எப்பன்னு ஒரு தேதி சொல்ல முடியுமா டாக்டர்?"

"அதுக்குத் தேதியெல்லாம் கிடையாதுங்க."

வீட்டுக்கு வந்ததும் அவர் நேரே அடுக்குக்குப் போனார். வாழ்நாளில் முதல்முறையாகப் பின்வரிசையில் கைவிட்டார். தம்பி கொடுத்த பாக்கெட்டின் தேதியும் தாண்டியிருந்தது. வெட்டி மோந்தார். பழைய அட்டைப்பெட்டி மாதிரி ஏதோ ஒன்று. எப்படியும் அவளுக்குத் தெரியப்போவதில்லை என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அடுத்த கணம் அந்த நிம்மதியை நினைத்து உடம்பு கூசியது.

அரைத்து, வடித்து, கொண்டுவந்து கொடுத்தார்.

"தம்பி குடுத்ததா?"

"எப்படித் தெரிஞ்சுது?" அவர் குரலில் ஆசை எட்டிப் பார்த்தது.

"அடுக்கைப் பாத்தேன். வரிசையக் கலைச்சிருக்கீங்க." ஒரு வாய் குடித்தாள். "வாசனை எப்படி இருக்கு? அன்னிக்கு மாதிரியே இருக்கா?"

பொய் சொல்ல அவர் தயாராகத்தான் இருந்தார். சொல்வதற்கு அன்றைய வாசனை தெரிந்திருக்க வேண்டுமே.

"அன்னிக்கு நான் மோந்து பாக்கலியே."

"ஆமால்ல. நீங்க தேதியத்தானே பாத்தீங்க."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை, குத்தியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் கடைசிச் சொட்டுவரை குடித்து, "நல்லா சூடா இருந்துச்சு" என்று டம்ளரைக் கழுவப்போட்டாள்.

அந்த வாரமே மைத்துனனுக்குப் போன் செய்து வரவழைத்தார். அவன் கொண்டுவந்த பாக்கெட்டை, அடுக்கின் முன்வரிசைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, வந்த வேகத்தில் பிரித்தார். மூக்கை உள்ளே விட்டவர் வெகுநேரம் எடுக்கவில்லை. எதை அடுக்கின் பின்னால் நிற்கவைத்தோம் என்பது அப்போதுதான் புரிந்தது.

அதில் அரைத்துப் போட்ட காபியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லுங்க. எப்படி இருக்கு?"

"காபி மாதிரி இருக்கு."

"அக்கா, மச்சானோட வர்ணனையக் கேட்டியா!" என்றான் தம்பி.

அவள் சிரித்துவிட்டாள். "சரியா சொல்லுங்க. அவசரமில்ல."

அவர் மறுபடி பாக்கெட்டுக்குள் மூக்கை விட்டார். "மரம் அறுக்கற எடத்துல… இல்ல. தீக்குச்சிய ஊதி அணைச்சா வருமே… அதுவும் இல்ல. கொஞ்சம் இரு."

அவள் காத்திருந்தாள். காபி ஆறிக்கொண்டிருந்தது.