ரெட்டைப்பூட்டு நீக்கிய வரி

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று, ஊரில் வழங்கிய பெயர் ஒன்று. வழங்கிய பெயர் ரெட்டைப்பூட்டு. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. குப்பிகள் இருக்கும் குளிர்பெட்டியைப் பூட்டிவிட்டு நாலடி நடப்பார், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார், அப்போதும் மனசு கேட்காது. வீட்டிலும் அதே கதைதான். காஸ் அடுப்பைத் தொட்டுப் பார்க்காமல் அவர் செருப்பு மாட்டியதாகச் சரித்திரமே இல்லை. நாற்பத்தாறு வயதாகியும் விமானம் ஏறியதில்லை, நீச்சல் தெரியாது, மொட்டை மாடிக்குப் போனால் நடுவில்தான் நிற்பார். "உங்களுக்குப் பயம் ரத்தத்துலயே ஓடுது. நீங்களே ஒரு தடவ எடுத்து டெஸ்ட் பண்ணிப் பாருங்க" என்பாள் மனைவி.

இப்பேர்ப்பட்ட மனிதர்தான், கொரியாவின் தெற்கே ஊர் உலகமே விடுமுறைக்குப் படையெடுக்கும் ஒரு தீவுக்கு இணையத்தில் பயண வழிகாட்டி எழுதிக்கொண்டிருந்தார் என்றால் சிரிப்பு வரும். வரட்டும். அவர் மட்டும் எழுதவில்லை. யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தலாம் என்ற ஏற்பாட்டில் ஓடுகிற தமிழ்த் தளம் அது. ஏழெட்டுப் பேர் விடாமல் எழுதினார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, எல்லாம் புனைபெயர்தான். சண்டை போட்டுக்கொள்ள 'உரையாடல்' என்று தனியாக ஒரு பக்கமும் உண்டு.

இவர் அதில் போய் விழுந்தது தற்செயல். ஐந்து வருஷத்துக்கு முன்னால் எதையோ தேடப்போனவர், இந்தத் தீவின் பக்கத்தில் ஒரே பேருந்துக்கு ஒரு வரியில் ஓர் எண்ணும் இன்னொரு வரியில் வேறோர் எண்ணும் இருப்பதைப் பார்த்துவிட்டார். அன்று பிடித்தது, விடவில்லை. தீவின் அழகையெல்லாம் சூரியகாந்தி என்ற புனைபெயர்க்காரர் எழுதுவார். மூன்று முறை போய்வந்தவர், எரிமலை வாயையும் ஆரஞ்சுத் தோட்டத்தையும் அவர் எழுதினால் நமக்கே பெட்டியைக் கட்டத் தோன்றும். நம்மவர் எழுதியது 'கவனத்திற்கு' என்ற பகுதி. ஒவ்வொரு வரிக்கும் இரண்டு சான்று தேடுவார். அந்த ஊர் வானிலை அறிக்கையை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் படிப்பார், போய் மாட்டிக்கொண்டவர்கள் புலம்பியதைத் தேடிப் பிடிப்பார். இருபத்து மூன்று வரி சேர்ந்துவிட்டது.

போன மாதம் சூரியகாந்தி உரையாடல் பக்கத்துக்கு வந்தார். "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. இது வழிகாட்டியா, ஆபரேஷனுக்கு முன்னாடி கையெழுத்து வாங்கற ஃபாரமா? இதப் படிச்சா ஒருத்தன் வீட்டு வாசலைத் தாண்ட மாட்டான்." நாலு பேர் சிரிப்புப் பொம்மை போட்டு ஆமோதித்தார்கள். ஒருவர், "ஐயா குளிக்கறதுக்கு முன்னாடி வானிலை பாப்பாரோ" என்று கேட்டார்.

மற்றவர்களாக இருந்தால் மல்லுக்கு நின்றிருப்பார்கள். இவருக்குக் கடலைவிடச் சண்டை என்றால் பயம். "பெரும்பான்மை விருப்பப்படியே ஆகட்டும்" என்று எழுதிவிட்டு, பன்னிரண்டு வரிகளைத் தன் கையாலேயே எடுத்தார். ஒரு வரியில் மட்டும் கை நின்றது. மேற்குக் கரையில் கருங்கல் மேடை ஒன்று இருக்கிறது, கடல் அமைதியாகத் தெரிந்தாலும் அதன் கீழ்த்தட்டுக்கு இறங்க வேண்டாம், எங்கோ தூரத்துப் புயலில் கிளம்பிய பெரிய அலை திடீரென்று ஏறி வரும் என்ற வரி. "நான் மூணு தடவ இறங்கியிருக்கேன், முழங்கால்கூட நனையல" என்று சூரியகாந்தி சொல்லியிருந்தார். அதையும் எடுத்தார். நீக்கியதற்குக் காரணம் எழுதும் கட்டத்தில் 'தேவையற்ற அச்சம்' என்று தட்டினார். மானம் போனாலும் சமாதானம் வந்ததே என்று இருந்தது.

இந்த மாதம் அவருடைய ஒரே தங்கையும் மாப்பிள்ளையும் கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து முதல்முறையாக வெளிநாடு கிளம்பினார்கள். அந்தத் தீவுக்குத்தான். அண்ணன் எழுதுகிற ஊர் என்ற பெருமை அவளுக்கு. எங்கெங்கே போகக் கூடாது என்று இவர் ஆரம்பித்ததுமே, "எல்லாம் உன் பக்கத்துல படிச்சுக்கறேன் அண்ணா" என்று வாயை அடைத்துவிட்டாள்.

நாலாம் நாள் காலை பதினொரு மணிக்கு, கையுறையைக் கழற்றிவிட்டுச் செல்போனை எடுத்தார். இருபது நிமிடத்துக்கு முன்னால் தங்கை ஒரு படம் அனுப்பியிருந்தாள். கறுத்த பாறை, அதற்கப்பால் துணி விரித்த மாதிரி நீலக் கடல், ஓரமாக இரண்டு ஜோடிச் செருப்பு. 'கீழே இறங்கப் போறோம் அண்ணா' என்று எழுதியிருந்தாள்.

அந்தப் பாறையை அவர் நூறு படத்தில் பார்த்திருக்கிறார். அவசரமாக அந்த ஊர் வானிலைப் பக்கத்தைத் திறந்தார். எங்கோ தெற்கே புயல், மேற்குக் கரையில் உயர் அலை என்று இருந்தது. தங்கைக்கு அடித்தார். மணி போனது, எடுக்கவில்லை. மாப்பிள்ளை போன் அணைந்திருந்தது. மறுபடி தங்கைக்கு அடித்தார். இப்போது அதுவும் அணைந்திருந்தது.

மனைவியைக் கூப்பிட்டார். "ஆரம்பிச்சிட்டீங்களா? தண்ணியில விளையாடறப்ப யாராவது போனைக் கையில வச்சிருப்பாங்களா?" என்றாள்.

"நான்தான் எடுத்துட்டேன்" என்றார்.

"எதை எடுத்தீங்க?"

"அந்த வரிய."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தக் குரல் புதிதாக இருந்திருக்க வேண்டும். "சரி, நானும் கூப்பிட்டுப் பாக்கறேன். நீங்க முதல்ல உக்காருங்க" என்றாள்.

உட்கார முடியவில்லை. கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, நீக்கிய வரியைத் திரும்ப ஏற்றினார். கடலுக்குள் நிற்பவள் இதைப் படிக்கப் போவதில்லை என்று தெரியும். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஐந்து நிமிடத்தில் சூரியகாந்தி அதை எடுத்துவிட்டார். 'பேசி முடித்த விஷயம்.' மறுபடி ஏற்றினார். வாழ்க்கையில் முதல்முறையாக உரையாடல் பக்கத்தில் சண்டைக்குப் போனார். "என் தங்கை இப்ப அந்தப் பாறையில இருக்கா. போன் எடுக்கல. இந்த வரியத் தொட்டீங்கன்னா நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

யாரும் தொடவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

இரண்டு மணி நேரம் கழிந்தது. வேலை ஓடாமல் குப்பிகளைப் பக்கத்து மேசைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு நிமிடமும் தங்கை வெவ்வேறு விதமாகச் செத்துக்கொண்டிருந்தாள் அவருக்குள். ஒரு மணிக்கு நீளமான எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுக்கவே பயந்தார், எடுத்தார்.

"அண்ணா, பதறாத. நான்தான்." "ஆஸ்பத்திரியில இருக்கோம். அவர் உயிரோட இருக்கார். அலை தூக்கி அடிச்சதுல கால் எலும்பு ரெண்டு இடத்துல போயிடுச்சு. மீன் பிடிக்கிறவங்க கயிறு போட்டு இழுத்தாங்க. போனெல்லாம் கடல்ல."

அப்போதுதான் உட்கார்ந்தார். "உயிர் இருக்குல்ல, அது போதும்மா" என்றார். அதையே நாலு தடவை சொன்னார்.

அவள் அழத் தொடங்கினாள். "தப்பு என் மேலதான் அண்ணா. மேல நிக்கறப்பவே அவர் யோசிச்சார், இறங்கலாமான்னு கேட்டார். நான்தான் உன் பக்கத்தத் திறந்து வரி வரியாப் படிச்சுக் காட்டினேன். எல்லாத்துக்கும் பயப்படற எங்கண்ணனே இந்த இடத்தப் பத்தி ஒண்ணும் சொல்லல, அப்பறம் என்ன பயம்னு கையப் பிடிச்சு நானே இறக்கினேன்."

பேசாமல் இருந்துவிடலாம். அவளுக்கு ஒருநாளும் தெரியப் போவதில்லை.

"இல்லம்மா" என்றார். "அங்க ஒரு வரி இருந்துச்சு. நான்தான் எடுத்தேன்."

அந்தப் பக்கம் அழுகை நின்றது.

"ஏண்ணா எடுத்த?" என்று கேட்டாள்.

நாலு பேர் கேலி பண்ணினார்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.