பஸ்ஸைக் குண்டானில் போட முடியாது

குழுவில் கேட்டவர்களுக்கு: இல்லை, பால் பாட்டிலைக் கொதிக்க வைப்பதை நான் இன்னும் நிறுத்தவில்லை. மகளுக்குப் பதினோரு மாதம் ஆகிறது. அதைக் கொதிக்க வைத்தே எங்கள் இட்லி குண்டான் இட்லியை மறந்துவிட்டது.

இன்று செஞ்சியிலிருந்து சிங்கவரம் திரும்பும் பஸ்ஸில் பாட்டிலைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். மகள் ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா கேட்டார். "இன்னாமா அது, பாட்டிலுக்கு இம்மாம் துணி?"

"கொதிக்க வெச்சது, அக்கா. ஒரு வயசு வரைக்கும் வெக்கச் சொல்லிருக்காங்க."

"கொழந்த கம்பிய நக்குதே, அதுக்கு இன்னா பண்ணுவ? பஸ்ஸத் தூக்கி குண்டான்ல போடுவியா?"

முன்சீட்டு வரை சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வளைவில் பாட்டில் துணியிலிருந்து நழுவி, உருண்டு கீழே விழுந்தது. அக்கா எடுத்து, ரப்பரை முந்தானையில் துடைத்து நீட்டினார். "குடு, ஒண்ணும் ஆவாது."

மகள் பசியில் கை நீட்டி அழுதாள். கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் கை போகவில்லை. கிருமிக்குப் பயந்து அல்ல. இத்தனை மாதம் கொதிக்க வைத்தது வீண் என்று ஆகிவிடுமோ என்று.

நிறுத்தியவர்கள் சொல்லுங்கள், முதல் நாள் எப்படித் தூங்கினீர்கள்?

வீட்டுக்கு வந்ததும் பாட்டிலைக் கழுவி, குண்டானை அடுப்பில் ஏற்றினேன். இடுப்பில் இருந்தவள் வியர்வையில் நனைந்த என் தாலிக்கயிற்றைச் சப்பத் தொடங்கினாள். விட்டுவிட்டேன்.